ஒரே குதிரை, ஒரே ரத்தம், இரண்டு கணக்கு

குன்னூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். பாடப் புத்தகத்தைவிடக் குதிரைமேல்தான் பிரியம். வெலிங்டன் பக்கம் வார இறுதியில் நடந்த ஈவென்டிங் போட்டியில் கலந்துகொண்டாள். அவள் குதிரைக்கு மின்னல் என்று பெயர், கடிவாளத்தைப் பார்த்தாலே காதை மடக்கும் ரகம். வெள்ளிக்கிழமை மாலை லாயத்தில் கொள்ளு மென்றபடி சாதுவாக நின்றபோது ரத்தம் எடுத்ததில் சிவப்பணு அளவு 36 சதவீதம். ஞாயிறு காலை, ஓட்டம் தொடங்கும் இடத்தில் வைத்து எடுத்ததில் 52. "அன்றைக்கு அது ஒரு தப்படிகூட ஓடவில்லை சார், நின்ற இடத்தில்தான் நின்றது. தப்பு ஆய்வுக்கூடத்திலா, குதிரையிலா?" என்று கேட்கிறார்.

இரண்டிலும் இல்லை. அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன், கயிற்றுக்கு இந்தப் பக்கம், கையில் டீயோடு. மின்னல் "நின்றது" என்பது அப்பாவின் பெருந்தன்மை. முன்னங்காலால் புல்லைப் பறித்தது, வாலை வீசியது, முன்னால் போன குதிரை தடை தாண்டிப் பாயும் சத்தம் கேட்டதும் உடம்பெல்லாம் ஒரு சிலிர்ப்பு ஓடியது. முந்தின ராத்திரி சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை என்பதால்தான் மருத்துவர் மறுபடி ரத்தம் எடுத்தார். நீர்ச்சத்து குறைந்திருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம்.

ஈவென்டிங் தெரியாதவர்களுக்கு: ஒரே வீரர், ஒரே குதிரை, மூன்று சோதனை. சட்டம் போட்ட களத்துக்குள் சொன்ன நடையைச் சொன்னபடி நடந்து காட்டுவது டிரெஸ்ஸாஜ். மரக்கட்டை, பள்ளம், தண்ணீர் என்று வெட்டவெளியில் பாய்ந்து போவது கிராஸ் கன்ட்ரி. தட்டினால் விழுந்துவிடும் கம்பங்களைத் தாண்டுவது ஷோ ஜம்பிங். ராணுவக் குதிரைகளைச் சோதிக்கப் பிறந்த விளையாட்டு இது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் சேர்ந்தது, ராணுவத்துக்கு வெளியே உள்ளவர்களுக்குப் பிறகுதான் கதவு திறந்தது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டில் ரகுபீர் சிங் தனிநபர் தங்கம் வாங்கினார். 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பெங்களூரு ஃபவாத் மிர்சா தனிநபர் வெள்ளி வாங்கினார். நடுவில் 36 வருடம் தனிநபர் பதக்கம் இல்லாமலே போனது. சரி, ரத்தத்துக்கு வருவோம்.

குதிரை ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, உறையாமலிருக்க மருந்து கலந்து, நிமிர்த்தி வையுங்கள். மனித ரத்தம் அடங்க மணிக்கணக்கில் ஆகும். குதிரை ரத்தம் பேசிக்கொண்டிருக்கும்போதே அடங்கிவிடும். அதன் சிவப்பணுக்கள் காசு அடுக்கியதுபோல ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, கனம் கூடி, கீழே இறங்கிவிடுகின்றன. மேலே மஞ்சளாகத் தெளிந்த பிளாஸ்மா, கீழே அடர் சிவப்பு. இயந்திரத்தில் சுழற்றினால் கோடு இன்னும் துல்லியமாக விழும். மொத்த உயரத்தில் சிவப்பு எத்தனை சதவீதமோ, அதுதான் அந்த 36, 52. வெள்ளிக்கிழமைக் குழாயில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். ஞாயிற்றுக்கிழமைக் குழாயில் சிவப்பு பாதியைத் தாண்டிவிட்டது.

இந்தக் கூடுதல் சிவப்பணு எங்கிருந்து வந்தது? எலும்பு மஜ்ஜையிலிருந்து இல்லை, அங்கே புது அணு தயாராக நாட்கணக்கில் ஆகும். இது சில நொடிகளில் நடந்தது. வந்த இடம் மண்ணீரல்.

நமக்கு மண்ணீரல் ஒரு சின்ன உறுப்பு. பழைய சிவப்பணுக்களைக் கழித்துக்கட்டும், கிருமிகளை வடிகட்டும், வெட்டி எடுத்துவிட்டாலும் எச்சரிக்கையோடு வாழ்ந்துவிடலாம். குதிரையின் மண்ணீரல் வேறு ஜாதி. இடது விலாவுக்குள் அரிவாள் வடிவத்தில் நீண்டு கிடக்கும். அதன் உறையிலும் உள்ளே ஓடும் தடுப்புகளிலும் தசை நார் நிறைய உண்டு, அதாவது அதனால் தன்னைத் தானே பிழிந்துகொள்ள முடியும். குதிரை ஓய்வாக நிற்கும்போது இந்தப் பை தளர்ந்து விரிகிறது. உள்ளே வரும் ரத்தத்தில் சிவப்பணுக்களை நிறுத்திக்கொண்டு பிளாஸ்மாவைப் பெரும்பாலும் வெளியே விடுகிறது. அதனால் உள்ளே இருப்பது சாதாரண ரத்தம் இல்லை, அணுக்கள் நெருக்கியடித்த குழம்பு. உடம்பிலுள்ள மொத்தச் சிவப்பணுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கே குடியிருக்கலாம்.

அப்புறம் ஒரு சத்தம், அல்லது ஒரு நிழல், அல்லது பக்கத்துக் குதிரையின் பாய்ச்சல். ஆபத்தில் உடம்பை முடுக்கும் பரிவு நரம்புகள் விழித்துக்கொள்கின்றன, அட்ரினலின் வகைச் சுரப்புகள் பெருகுகின்றன, மண்ணீரல் தசை இறுகுகிறது. துவைத்த துணியைப் பிழிவதுபோல. குழம்பு மொத்தமும் ரத்த ஓட்டத்தில் இறங்குகிறது. நாலுகால் பாய்ச்சலில் உச்சத்துக்குப் போன பந்தயக் குதிரைக்குச் சிவப்பணு அளவு 60, 65 வரை ஏறும். நம் விளையாட்டு வீரர் ஒருவர் அந்த அளவு ரத்தத்தோடு வந்தால் ஊக்கமருந்து அதிகாரிகள் உடனே கூப்பிட்டு விசாரிப்பார்கள். குதிரை தன் ரத்தத்தைத் தானே ஏற்றிக்கொள்கிறது, விதிமீறல் ஏதும் இல்லை.

மண்ணீரல் ஒரு சேமிப்புக் கிடங்கு என்பதை முதலில் பிடித்தவர்களில் முக்கியமானவர் கேம்பிரிட்ஜின் ஜோசப் பார்கிராஃப்ட். 1920களில் நாய்களில் சோதித்தார். நாய் ஓடினாலும் சுருங்கியது, உணர்ச்சிவசப்பட்டாலும் சுருங்கியது. இந்த இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. உடல் வேலை தொடங்குமுன், மனசு மட்டும் கிளர்ந்ததற்கே கிடங்கு திறந்துவிடுகிறது. குதிரையில் இதை அளந்து காட்டியவர்களில் ஸ்வீடனின் பெர்சன் குழு ஒன்று. மண்ணீரல் எடுக்கப்பட்ட குதிரைகளை ஓடவிட்டுப் பார்த்தபோது இந்த ஏற்றம் காணாமல் போனது.

மருத்துவர்கள் இதே பிழிவை வைத்து ஒரு வித்தை செய்வார்கள். குதிரைக்குப் பெருங்குடலின் ஒரு வளைவு மேலே ஏறி, மண்ணீரலுக்கும் இடது சிறுநீரகத்துக்கும் நடுவிலுள்ள நார்ப்பட்டையில் கொக்கி மாட்டியதுபோல் தொங்கிவிடுவது உண்டு. வயிற்றுவலியில் குதிரை புரளும். ஃபினைல்எஃப்ரின் என்ற மருந்தை ஏற்றி மண்ணீரலைச் சுருங்க வைத்து, குதிரையை வட்டமாக ஓட்டுவார்கள். இடம் கிடைத்ததும் குடல் பல நேரம் தானாக நழுவி இறங்கிவிடும். கத்தியே வேண்டாம். இதை முதன்முதலில் யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

வாசகரின் சந்தேகத்துக்கு வருகிறேன். 52 என்று வந்ததும் குதிரை வறண்டுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. நீர் குறைந்தால் சிவப்பணு அளவோடு பிளாஸ்மாவின் புரதமும் ஏறும். மண்ணீரல் பிழிந்தால் அணு மட்டும்தான் ஏறும், புரதம் பெரிதாக நகராது. அன்றைக்கு மருத்துவரும் அதைத்தான் பார்த்தார். புரதம் வெள்ளிக்கிழமை இருந்த இடத்திலேயே இருந்தது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார், உடனே படிந்தது. "போகலாம்" என்றார்.

துடியான குதிரைக்கு இதனால் லாபமா? இல்லை என்பேன். சாதுவான குதிரையும் பாயத் தொடங்கினால் கிடங்கைத் திறக்கத்தான் போகிறது, உச்ச ஓட்டத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்து நிற்கும். துடியான குதிரைக்கு ரத்தம் அதிகம் இல்லை, அவசரம் அதிகம். சும்மா நிற்கும்போதே இதயம் வேகமாக அடித்து, வியர்த்து, சக்தியை வீணாக்குகிறது. தவிர, அணு கூடினால் ரத்தம் கெட்டிப்படும், அதைத் தள்ள இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். இதுவும் மலை. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு, மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்ஸிஜனும் அப்படியே. குதிரைக்கு வாயால் மூச்சு விடவும் வராது, மூக்கு மட்டும்தான். பாய்ச்சலில் ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு. சமவெளியிலிருந்து வந்த குதிரைக்கு இங்கே ஒவ்வொரு சிவப்பணுவும் காசு மாதிரி.

லாயத்தில் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் மாமாவிடம் வேறு விளக்கம் இருந்தது. "நெத்தியில ரெட்டைச் சுழி பாப்பா, அதான் இந்த ஆட்டம்" என்றார். நான் சிரிக்கவில்லை. மாடுகளில், நெற்றிச் சுழி கண்ணுக்கு மேலே இருந்தால் மிரட்சி சற்று அதிகம் என்று 1995இல் விலங்கு நடத்தை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டினின் குழு பார்த்திருக்கிறது. கருவில் தோலும் மூளையும் ஒரே அடுக்கிலிருந்து உருவாவதால் இது முழுக்க அபத்தம் இல்லை. ஆனால் அதே மாமா, இந்தச் சுழிக் குதிரையை வாங்கிய வீட்டில் காசு தங்காது என்றும் சொன்னார். குதிரை வாங்கிய எந்த வீட்டில் காசு தங்கியிருக்கிறது?

காசு என்றதும் ஒரு புலம்பல். குதிரையின் ரத்தம் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி தரோபிரெட் என்ற பந்தய இனத்திடமிருந்து வந்தது. பணம் எங்கே ஓடுகிறதோ, ஆராய்ச்சியும் அங்கே ஓடும். ஓட்டத்துக்கென்று வளர்த்த இனங்களுக்கு உடம்புக்கு ஏற்ப மண்ணீரல் பெரிது. ஊட்டி ஏரிக்கரையில் சுற்றுலாக்காரர்களைச் சுமக்கும் மட்டக்குதிரைக்கு, கமர்ஷியல் ரோட்டில் குப்பைத்தொட்டியைக் கிளறும் கேட்பாரற்ற குதிரைக்கு எவ்வளவு? ஹரியானாவின் ஹிசாரில் 1985 முதல் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஒரு அல்ட்ராசவுண்ட் கருவியோடு இரண்டு மாணவர்களை ஒரு கோடைக்கு இங்கே அனுப்பினால் போதும். மலையிலேயே பிறந்து, மலையிலேயே கிழங்கட்டையாகும் குதிரைகள் வேறெங்கே இத்தனை கிடைக்கும்?

மனிதர்களைப் பார்க்க மட்டும் ஆட்கள் கடல் தாண்டிப் போயிருக்கிறார்கள். தென்கிழக்கு ஆசியக் கடலில் மூச்சடக்கி முத்துக்கும் மீனுக்கும் முங்கும் பஜாவ் மக்களின் மண்ணீரல், பக்கத்து ஊர்க்காரர்களுடையதைவிட ஏறக்குறைய பாதி அளவு பெரிது என்று 2018இல் வெளியானது. நமக்கும் அந்தப் பிழிவு கொஞ்சம் உண்டு, குதிரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாத அளவில்.

மின்னல் கிராஸ் கன்ட்ரியை முடித்தது. தண்ணீர்த் தடையில் ஒரு முறை மறுத்தது, இரண்டாவது முறை தாண்டியது. ஒன்றரை மணி நேரம் கழித்து நான் லாயத்துக்குப் போனபோது அந்தப் பெண் வாளியில் கழுவிய கேத்தி கேரட்டை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டிருந்தாள். மருத்துவர் மூன்றாவது குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்திருந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு இறங்கியது, இறங்கி வெள்ளிக்கிழமைக் கோட்டுக்குக் கிட்டத்தட்ட வந்து நின்றது. மின்னல் இன்னொரு கேரட்டுக்குக் கழுத்தை நீட்டியது.