விழுங்க முடியாத நார்

தென்னாப்பிரிக்காவில், டர்பனை அடுத்த ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். அவருடைய அப்பாவுக்கு வயது 68. இந்தியர்களுக்கென்று டர்பனில் இருந்த எஸ்.ஏ.எஸ். ஜல்சேனா கடற்படைத் தளத்தில் 1970களின் கடைசியில் பயிற்சி முடித்து, போர்க்கப்பலின் கொதிகலன் அறையில் வேலை பார்த்தவர். விடுமுறைக்கு வீட்டுக்கு வரும்போது அழுக்கு உடுப்பை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவாராம். அம்மா அதைக் கொல்லைப்புறத்தில் உதறி, வெள்ளைத் தூசு போன பிறகுதான் தண்ணீரில் போடுவாராம்.

போன வருஷம் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று சொல்லி எடுத்தார்கள். மறுபடி கோத்தது. சதைத் துணுக்கை எடுத்துப் பார்த்த பிறகு மீசோதீலியோமா என்றார்கள், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் புற்றுநோய். “தூசு போனது நுரையீரலுக்குள்ளே. நோய் வந்தது வெளியே இருக்கிற உறையில். அது எப்படி அண்ணா? அதுவும் 40 வருஷம் கழித்தா? சொந்தக்காரர்கள் செய்வினை என்கிறார்கள்” என்று கேட்டிருந்தார்.

நல்ல கேள்வி. விஞ்ஞானிகளுக்கே இதற்கு விடை துலங்க வெகுநாள் பிடித்தது.

நீராவிக் கப்பலில் கொதிகலனிலிருந்து சுழலிக்குப் போகும் குழாய்கள் தொட முடியாத சூட்டில் இருக்கும். அவற்றைச் சுற்ற எரியாத, உப்புக் காற்றில் மக்காத, எடை குறைந்த ஒரு பொருள் வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் அதற்கென்றே பிறந்தது போல அமைந்தது. உலகக் கடற்படைகள் விரும்பி வாங்கிய அமோசைட் என்ற பழுப்பு வகை நம் லிம்போப்போ மாகாணத்துப் பெங்கே சுரங்கத்திலிருந்து போனது. ஆஸ்பெஸ்டாஸ் மைன்ஸ் ஆஃப் சவுத் ஆப்பிரிக்கா என்ற கம்பெனியின் முதலெழுத்துகளே அந்தப் பெயரானது. நீல வகையான குரோசிடோலைட் வடக்கு கேப் பக்கம், பிரிஸ்கா, குருமான் ஊர்களைச் சுற்றி வெட்டி எடுத்தது. கடலில் எஞ்சின் அதிரும்போதும், பழுதுபார்க்க உறையைத் தட்டி உடைக்கும்போதும், ஜன்னல் இல்லாத அந்த அறையில் தூசு அப்படியே தொங்கும். பதவி பார்த்து அது யாரையும் விடவில்லை. அமெரிக்கக் கடற்படைக்கே தலைமை வகித்த அட்மிரல் எல்மோ ஜும்வால்ட் 2000ஆம் ஆண்டு இறந்தது இதே மீசோதீலியோமாவில்தான்.

தமிழில் இதற்குக் கல்நார் என்று பெயர். யார் வைத்தார்களோ, இரண்டே சொல்லில் விஷயம் முழுவதையும் சொல்லிவிட்டார்கள். சாதாரணக் கல்லை உடைத்தால் பொடியாகும். இது நாராகும். மேலே சொன்ன பழுப்பு, நீல வகைகள் சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த நீண்ட இரட்டைச் சங்கிலிகள் பக்கம் பக்கமாக அடுக்கிய படிகங்கள். சங்கிலிக்குள் பிணைப்பு பலம், சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையில் பலவீனம். வாழை மட்டையைக் கிழித்துப் பாருங்கள். கிழிக்கக் கிழிக்க நார் மெலியும், நீளம் குறையாது. கல்நாரும் அப்படித்தான். ஒரு தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத இழைவரை பிரியும்.

காற்றில் ஒரு துகள் எவ்வளவு சீக்கிரம் கீழே இறங்கும் என்பதை, நார் விஷயத்தில், பெரும்பாலும் அதன் தடிமன்தான் முடிவு செய்கிறது, நீளம் அல்ல. உருண்டையான மணல் துகள் மூக்கிலோ தொண்டையிலோ மாட்டிக்கொள்ளும். மெல்லிய நார் மூச்சின் ஓட்டத்தோடு தலையை நீட்டிக்கொண்டு கடைசிக் காற்று நுண்ணறைவரை போய்விடும்.

அங்கே காவலுக்கு மேக்ரோஃபேஜ் என்ற பெருவிழுங்கி செல்கள் இருக்கின்றன. கிருமியோ கரித்துகளோ வந்தால் அதைச் சுற்றி வளைத்து வயிற்றுக்குள் மூடி, அமிலத்தால் கரைக்கும். ஆனால் அந்த செல்லின் அகலமே 15 முதல் 20 மைக்ரோமீட்டர்தான். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நார் 30, 40 மைக்ரோமீட்டர் நீளத்தில் வந்தால்? ஒரு முனையை விழுங்கும். மறுமுனை வெளியே துருத்தி நிற்கும். வாயை மூட முடியாது. மூடாத வாய் வழியாக, எதிரிமேல் ஊற்ற வேண்டிய அமிலமும் ஆக்சிஜன் வகை நச்சும் பக்கத்துத் திசுவின்மேல் கொட்டும். விழுங்கிய செல் செத்துப்போகும், நார் அப்படியே கிடக்கும், அடுத்த செல் வந்து அதே வேலையைத் தொடங்கும். செல்லுக்குள் இதற்கென்று ஓர் அபாய மணி இருக்கிறது என்பதை 2008இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர விஞ்ஞானிகள் காட்டினார்கள். அது அடிக்க அடிக்க அழற்சி பெருகும். நார் கரைந்தால் மணி நிற்கும். கரையாத நாருக்கு நிற்பதே இல்லை.

ஓர் ஆய்வகத்தில் இதை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். நாரை விழுங்க முடியாத செல்கள் இரும்புப் புரதத்தை அதன்மேல் பூசிப் பூசிப் பார்க்கின்றன. அதனால் நார், மணி கோத்த ஊசி மாதிரி பொன்பழுப்பு நிறத்தில் கிடக்கிறது. இரும்பைக் காட்டும் சாயம் ஊற்றினால் நீலமாகிவிடும். செத்துப்போன அத்தனை செல்களின் உழைப்பும் அந்த ஒரு நாரின்மேல் படிந்திருந்தது. வெகுநேரம் கண்ணை எடுக்க முடியவில்லை.

சரி, உறைக்கு எப்படிப் போனது? நுரையீரலைச் சுற்றி இரண்டு உறைகள், நடுவில் வழுக்குவதற்குக் கொஞ்சம் நீர். அந்த நீர் தேங்காமல் வடிய, நெஞ்சுச் சுவரை ஒட்டிய வெளி உறையில் நுண்துளைகள் உண்டு, அகலம் மிஞ்சினால் 10 மைக்ரோமீட்டர். நுரையீரலிலிருந்து நழுவி வரும் நார்கள் இந்த நீரோடு மிதந்து வடிகாலுக்குப் போகும். குட்டை நார் துளையில் நுழைந்து போய்விடும். நீள நார் குளியலறைச் சல்லடையில் முடி சிக்குவதுபோல் குறுக்கே சிக்கிக்கொள்ளும். எடின்பரோவில் கென் டொனால்ட்சன் குழு 2010இல் முன்வைத்த விளக்கம் இது. மீசோதீலியோமா பெரும்பாலும் அந்த வெளி உறையில்தான் தொடங்குகிறது என்பதோடு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

சிக்கிய இடத்தில் அழற்சி ஆண்டுக்கணக்கில் எரியும். அமோசைட்டிலும் குரோசிடோலைட்டிலும் நிறைய இருக்கும் இரும்பு அந்த நச்சை இன்னும் கூர்மையாக்கும். உறை செல்களில் புற்றைத் தடுக்கும் மரபணுக்கள் ஒன்று இன்று, ஒன்று பத்து வருஷம் கழித்து என்று பழுதாகும். எல்லாம் சேர 20 முதல் 50 ஆண்டு ஆகும். உங்கள் அப்பாவின் 40 வருஷம் இப்படித்தான் போனது.

காரணத்துக்கும் நோய்க்கும் நடுவில் இவ்வளவு காலம் விழுந்தால், மனம் கைக்கு எட்டிய எதையாவது பிடித்துக்கொள்ளும். திருநீறு பூசி முருகனை வேண்டுவதை நான் தடுக்க மாட்டேன். நானும் காவடி எடுத்தவன்தான். ஆனால் செய்வினை என்று சொன்னால் பாவம் யாரோ ஒரு அத்தையின்மேல் பழி விழுகிறது. கேட்க வேண்டிய இழப்பீடும் கேட்காமலே போகிறது.

இந்த நோயை உலகுக்குக் காட்டியதே நம் நாடு என்பதையும் சொல்ல வேண்டும். கிம்பர்லியில் காசநோய் என்று சேர்த்த சிலர் காசநோய் மருந்துக்கு அசையவில்லை என்பதை மருத்துவர் ஸ்லெக்ஸ் கவனித்தார். வாக்னர், ஸ்லெக்ஸ், மார்ச்சண்ட் மூவரும் 1960இல் 33 பேரின் விவரத்தை வெளியிட்டார்கள். அதில் சுரங்கத்துக்குள் இறங்காதவர்களே பலர்: வீட்டுப் பெண்கள், மாடு மேய்த்தவர்கள், சின்ன வயதில் கழிவு மேட்டில் விளையாடியவர்கள். தடை வந்ததோ 2008இல். நடுவில் 48 வருஷம்! அந்தக் காலத்தில் இந்த ஆய்வுகளுக்கான பணத்தில் ஒரு பங்கு கல்நார்க் கம்பெனிகளிடமிருந்தே வந்தது. விற்கிறவன் பணத்தில் அவன் சரக்கைச் சோதிக்கக் கூடாது. தொழில்நோய் ஆய்வுக்கு அரசுதான் செலவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

இனி உங்கள் வீட்டு விஷயம். அப்பா எந்தக் கப்பலில், எந்த வருஷம், எந்த அறையில் இருந்தார் என்று அவர் வாயால் சொல்லச் சொல்லி எழுதி வையுங்கள். படைப்பணியால் வந்த நோய்க்கு 1976ஆம் ஆண்டு ராணுவ ஓய்வூதியச் சட்டம் இருக்கிறது, மனுவுக்கு இந்தக் குறிப்பு வேண்டும். கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் என்றால் துளை போடாதீர்கள், காய்ந்த நிலையில் அறுக்காதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள். அப்புறம், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். அந்த உடுப்பை உதறித் துவைத்தது அவர்தான் என்று மருத்துவரிடம் சொல்லி, நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.