'மேம்படுத்தல்' அன்று, உடனியற்றல்

"அஞ்சலி இசைக்குழுவினர் புகழ்பெற்ற ராக் பாடல்களை நேரலையில் மேம்படுத்தி வாசித்தனர்." ஆங்கிலத்தின் 'ட்ரிபியூட்', 'லைவ்', 'இம்ப்ரொவைசேஷன்' ஆகியவற்றைப் பெயர்த்து இதே சாயலில் எத்தனை வாக்கியங்கள் வந்துவிட்டன! படிப்பவருக்கு என்ன புரியும்? யாரோ இறந்திருக்கிறார், அது தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகியிருக்கிறது, பழைய பாடல்களில் இருந்த குறையைச் சரிசெய்திருக்கிறார்கள். மூன்றுமே தவறு. மூன்றில் பெரிய தவறு 'மேம்படுத்தி' என்ற சொல்.

முன்பே எழுதிவைக்காமல் வாசிக்கும்போதே இசையை உருவாக்குவது இம்ப்ரொவைசேஷன். அச்சொல்லின் வேர் இலத்தீன். 'இம்ப்ரொவீஸுஸ்' என்றால் முன்கூட்டிப் பார்க்கப்படாதது, எதிர்பாராதது. இத்தாலிய, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மேம்படுத்தலைக் குறிக்கும் 'இம்ப்ரூவ்' வேறு குடும்பம். லாபம் என்று பொருள்படும் 'ப்ரூ' என்ற பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. இரண்டுக்கும் ஒலி ஒற்றுமை தவிர எந்த உறவும் இல்லை. அந்த ஒலியில் ஏமாந்ததால் வந்ததுதான் 'மேம்படுத்தல்'.

மேடையில் நடப்பதைப் பார்த்தாலே சொல் பொருந்தாதது தெரியும். பாடலின் சரணம் முடிந்ததும் குழு இரண்டு கார்டுகளில், அதாவது சேர்ந்தொலிக்கும் இரண்டு சுரக்கூட்டங்களில், நின்றுகொள்கிறது. ஏ மேஜர், ஈ மைனர் என்று வைத்துக்கொள்வோம். இவை அடங்கும் சுரவரிசை ஏ மிக்ஸோலிடியன். கர்நாடக இசையில் சொன்னால், சங்கராபரணத்தின் காகலி நிஷாதத்தைக் கைசிகி ஆக்கினால் கிடைக்கும் ஹரிகாம்போதிதான் அது. பேஸ் கிட்டார் ஆதார சுரத்தைப் பிடித்துக்கொள்ள, டிரம்ஸ் தாளத்தை நிலையாகப் பிடித்துவைக்க, முன்னணி கிட்டாரும் கீபோர்டும் அப்போது தோன்றுவதை வாசிக்கின்றன. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில், 4/4 தாளத்தில் 16 பாருக்கு (நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்று ஒரு பார்) 32 விநாடி. அதற்குள் ஒருவர் வைத்த சிறு தொடரை இன்னொருவர் பிடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிசகும் இடம் பெரும்பாலும் திரும்பும் இடம்தான். கிட்டார் 15ஆவது பாரிலேயே பல்லவியை எடுத்துவிட, டிரம்ஸ் 16ஐ முடித்துவிட்டு வந்தால், சுற்றின் முதல் தட்டான 'ஒன்று' எங்கே விழுகிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் திரும்புவதற்கென்றே ஒரு தொடரை முன்பே பேசிவைத்து, அதை இரண்டு முறை வாசித்த பிறகே பல்லவிக்குப் போகிறார்கள்.

இதில் எங்கே மேம்பாடு? நன்றாக அமையலாம், பத்து நிமிடம் எங்கும் போய்ச் சேராமல் தளர்ந்தும் போகலாம். தளர்ந்து போனாலும் அது இம்ப்ரொவைசேஷன்தான். 'மேம்படுத்தல்' விளைவைச் சொல்லும் சொல். இது செய்யும் முறையைச் சொல்வது. 'தோற்றுப்போன மேம்படுத்தல்' என்று எழுத முடியுமா? இன்னொன்று, மூலப் பாடலை உயிராக நேசிக்கும் குழுவைப் பார்த்து "இவர்கள் அதை மேம்படுத்தினார்கள்" என்பது மூலக் கலைஞரையும் இவர்களையும் சேர்த்துச் சிறுமைப்படுத்துவது. அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட்டின் 'டார்க் ஸ்டார்' பாடல் 1968இல் சிங்கிள் இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடம்கூட இல்லை. 1969இல் வெளியான மேடைப் பதிவில் அதுவே 23 நிமிடம். முதல் வடிவம் மட்டம் என்பதால் நீளவில்லை. அவர்களைப் போற்றி வாசிக்கும் குழுக்களிலும் இரண்டு வழி உண்டு. 1997இல் தொடங்கிய டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ரா, பழைய கச்சேரி ஒன்றை எடுத்து அதே பாடல் வரிசையில் வாசிக்கும். 2013இல் தொடங்கிய ஜோ ரஸ்ஸோஸ் ஆல்மோஸ்ட் டெட் பாடலை ஏற்றுக்கொண்டு அன்றைய ஓட்டத்துக்கு விட்டுவிடும். இந்த வேறுபாட்டை 'மேம்படுத்தல்' எப்படிச் சொல்லும்?

'முன்தயாரிப்பற்ற இசை' என்கிறார்கள் சிலர். அதுவும் பொய். மூலத்தைச் சுரம் பிசகாமல் கற்றவர்களால்தான் அதை விட்டு விலகித் திரும்பிவர முடியும். தயாரிப்பு இல்லாமல் இது நடக்கவே நடக்காது.

கர்நாடக இசையின் 'மனோதர்மம்' மதிப்புக்குரிய சொல். முன்பே இயற்றிவைத்த கல்பிதத்துக்கு எதிரே நிற்பதால் பொருளும் நெருங்கி வருகிறது. ஆனால் ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம் என்று தனக்கென வடிவங்களோடு வரும் சொல் அது. ராக் குழுவுக்குச் சூட்டினால் வாசகர் அந்த வடிவங்களைத் தேடுவார். வடசொல் என்பதற்காக மட்டும் ஒதுக்கவில்லை. இடம் மாறினால் மயக்கம் தரும் என்பதே காரணம். கேட்டவுடன் பாடும் ஆசுகவி இருக்கிறதே, 'ஆசு இசை' என்றால் என்ன என்று கேட்கலாம். கவியோடு சேரும்போது 'ஆசு' விரைவு; தனியே நின்றால் தமிழில் குற்றம் என்றும் பொருள். குற்றமுள்ள இசை என்று படித்துவிடுவார்கள்.

'உடனியற்றல்' இந்தச் சிக்கல் எதுவும் இல்லாதது. இயற்றல் என்பது பாட்டுக்கு ஏற்கெனவே உரிய சொல். 'உடன்' உடனே என்றும் பொருள்படும், கூட என்றும் பொருள்படும். அந்தக் கணத்தில் இயற்றுவது, சேர்ந்து இயற்றுவது இரண்டும் ஒரே சொல்லில். உடனியற்றினர், உடனியற்றிய பகுதி என்று வினையாகவும் பெயரெச்சமாகவும் தடையில்லாமல் நடக்கும்.

இனி அஞ்சலி. 'ட்ரிபியூட்' முதலில் திறை; பிறகு மதிப்புச் செலுத்துதல் ஆனது. அஞ்சலி முதலில் கைகுவித்தல்தான் என்றாலும் இன்று எழுதப்படும் தமிழில் அது இறந்தவர்களுக்கே உரியதாகிவிட்டது. 1988இல் தொடங்கிய ஆஸ்திரேலியன் பிங்க் ஃபிளாய்ட் ஷோ, 1996இல் பிங்க் ஃபிளாய்டின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மரின் ஐம்பதாவது பிறந்தநாள் விழாவில் வாசித்தது. பிறந்தநாளுக்கு வாசித்தவர்களையா அஞ்சலிக் குழு என்பது? 'போற்றிசைக் குழு' என்று எழுதினால் தெளிவாக இருக்கும். பலருடைய பாடல்களையும் கலந்து வாசிக்கும் கவர் குழுவை இதோடு குழப்பவும் கூடாது. போற்றிசைக் குழு ஒரே கலைஞரையோ ஒரே குழுவையோ எடுத்துக்கொள்வது.

'நேரலை' ஒளிபரப்புக்கு உரியது. கேமராவே இல்லாத அரங்கில் நடந்ததை 'நேரலையில்' என்று எழுதுபவர்கள், மேடை என்ற சொல்லை ஏன் மறந்தார்கள்? ஆங்கில வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பெயர்த்து, அகராதியில் முதலில் கண்ட பொருளை ஒட்டிவிட்டுப் போகிற வேலை இது. கச்சேரியைக் கால் மணி நேரம் காதுகொடுத்துக் கேட்டிருந்தால், "போற்றிசைக் குழுவினர் பழைய ராக் பாடல்களை எடுத்து மேடையில் உடனியற்றி வாசித்தனர்" என்று எழுதியிருப்பார்கள்.