‘சின்ன ஆஸ்பத்திரியில்தான் எல்லாம் கற்கலாம்’ என்று யார் சொன்னது?

முதல் வேலைக்குச் சேரும் இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்று, நர்சிங் முடித்து வெளியே வரும் பிள்ளைகளுக்கு இன்னும் எத்தனை முறை சொல்ல வேண்டுமோ தெரியவில்லை. இந்த மாதமும் ஒரு பெண் என்னிடம் வந்தாள். குடியாத்தம் பக்கம். அம்மா பீடி சுற்றிப் படிக்க வைத்திருக்கிறார். படிப்பு முடிந்த கையோடு ஒரு நர்சிங் ஹோமில் சேர்ந்திருக்கிறாள். சேர்ந்த அன்றே ஒரிஜினல் சான்றிதழ்கள் அத்தனையும் அலுவலக பீரோவுக்குள் போய்விட்டன. இரண்டாவது வாரமே நைட் டூட்டி, துணைக்கு ஒரு ஆயா மட்டும். கீழே வார்டு, மாடியில் பிரசவ அறை, இரண்டும் அவள் பொறுப்பு.

ஒரு நாள் நள்ளிரவில், பிரசவமான பெண்ணுக்கு வைத்த துணி நனைந்துகொண்டே இருந்திருக்கிறது. மாற்றினாள், மறுபடி நனைந்தது. இது வழக்கமான உதிரப்போக்கா, ஆபத்தா என்று கேட்க அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இல்லை. டாக்டர் போனை எடுக்கவில்லை. கடைசியில் 108-ஐ அழைத்து அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். தாய் பிழைத்துக்கொண்டார். கர்ப்பப்பை தளர்ந்து ரத்தம் போனால் என்ன செய்ய வேண்டும் என்பது இந்தப் பெண்ணுக்குத் தெரியாததல்ல, தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள். படித்ததைக் கை செய்ய வேண்டுமானால் முதல் சில தடவை பக்கத்தில் மூத்தவர் ஒருவர் நிற்க வேண்டும். அவளுக்கு அது கிடைக்கவில்லை. வேலையை விடுகிறேன் என்றால், பணம் கட்டினால்தான் சான்றிதழ் என்கிறார்களாம்.

ஏனம்மா அங்கே சேர்ந்தாய் என்று கேட்டேன். “பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் படுக்கை விரிக்கவும் பிபி பார்க்கவும்தான் விடுவார்கள், சின்ன இடத்தில் எல்லாம் கையில் கிடைக்கும் என்று சீனியர் அக்கா சொன்னார்கள் மேடம்” என்றாள். எனக்குக் கோபம் வருவது இந்தப் பேச்சைக் கேட்டால்தான். சீனியர்கள் சொல்கிறார்கள், சில கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்களே சொல்கிறார்கள்.

கையில் கிடைப்பதெல்லாம் கற்றதாகிவிடாது. ஒரு வேலையை நீங்கள் செய்யும்போது அதைப் பார்த்து, தவறென்றால் அங்கேயே நிறுத்துகிற ஆள் இருந்தால்தான் அது பயிற்சி. பார்ப்பவர் இல்லாத இடத்தில் ஐந்நூறு ஊசி போட்டாலும், முதல் ஊசியில் செய்த பிழைதான் ஐந்நூறாவதிலும் இருக்கும். இரண்டு வருட அனுபவம் என்று எங்களிடம் வந்த ஒரு பெண், வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பாட்டிலின் சொட்டை முழுவதும் திறந்துவிடப் போனாள். பத்து நிமிடத்தில் ஏறிவிடும் என்றாள். குறைந்தது ஒரு மணி நேரம் ஏற வேண்டிய மருந்து அது. வேகமாக ஏற்றினால் உடம்பு சிவந்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். “அங்கே எப்போதும் இப்படித்தான் மேடம் போடுவோம்” என்று அவள் சொன்னதில் பொய்யில்லை. யாரும் திருத்தவில்லை, அவ்வளவுதான். பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை ஒருபோதும் நேரடியாக ரத்தக்குழாயில் செலுத்தக் கூடாது என்பதைக்கூட யாரோ ஒருவர் உங்களுக்கு வார்டில் வைத்து அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். புதிதாக வந்தவர் அதிக ஆபத்துள்ள மருந்தை எடுக்கும்போது இன்னொரு நர்ஸ் சரிபார்க்கும் பழக்கம் உள்ள வார்டுதான் உங்களுக்குப் பள்ளிக்கூடம். ஆறு மாதம் பிபி பார்க்க வைக்கிறார்களா? பாருங்கள். நோயாளியின் முகத்தைப் பார்த்தே நிலைமை மோசமாகிறது என்று சொல்லும் கண் அப்போதுதான் வரும்.

இதனால் சின்ன ஆஸ்பத்திரி எல்லாம் மோசம் என்று ஆகாது. நம் பக்கத்தில் பிள்ளைகளை அருமையாக உருவாக்கும் சிறிய மிஷன் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. பளபளக்கும் பெரிய கட்டடத்தில் புதுப் பிள்ளையை நேராக ஐசியுவில் நிறுத்தி, வென்டிலேட்டரில் இருக்கும் மூன்று பேரை ஒப்படைப்பதும் நடக்கிறது. பெயர்ப் பலகையைப் பார்க்காதீர்கள், இரவில் உங்களோடு யார் இருப்பார் என்று கேளுங்கள்.

வேலூரில் இன்னொரு தொல்லை உண்டு. சி.எம்.சி.யில், அதாவது கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், வேலை கிடைக்கவில்லை என்றதும், இனி எதுவானால் என்ன என்று பெற்றோர் சோர்ந்து, கூப்பிட்ட முதல் இடத்தில் விட்டுவிடுகிறார்கள். 1909-இல் சி.எம்.சி.யை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் நர்ஸ் பயிற்சியைத் தொடங்கிய ஊர் இது. 1946-லேயே பட்டப்படிப்பாக நர்சிங் வந்த ஊர். இங்கே படித்துவிட்டு, பேசாமல் கிடைத்ததை வாங்கிக்கொள் என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள்.

சேரும் முன் அந்த ஆஸ்பத்திரிக்கு இரவு டூட்டி மாறும் நேரத்தில் போய்ச் சற்று உட்காருங்கள். ஒவ்வொரு படுக்கையருகிலும் நின்று நோயாளியை ஒப்படைக்கிறார்களா, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பையைத் தூக்குகிறார்களா என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். ஊசி போடும் டிராலியில் பயன்படுத்திய ஊசியைப் போட வெள்ளை டப்பா இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஊசிக்கு மறுபடி மூடி போடுகிறார்கள் என்று பொருள், அடுத்து குத்திக்கொள்ளப்போவது உங்கள் விரல்தான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் முடிந்ததா என்று நேர்காணலில் கேட்கிற இடம் உங்களை மனுஷியாக நினைக்கிற இடம்.

நேர்காணலில் நீங்களும் கேளுங்கள், தப்பில்லை. புதிதாகச் சேர்ந்தவருக்குத் தரும் தொடக்கப் பயிற்சி, ஓரியண்டேஷன், எத்தனை வாரம்? இரவில் ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி? இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு பொது வார்டில் ஐந்து பேருக்கு ஒருவர், ஐசியுவில் ஒருவருக்கு ஒருவர். அந்தக் கணக்கு எங்கும் அப்படியே கிடைக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இருபத்தைந்து பேருக்கு ஒருவர் என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எத்தனை படுக்கை என்பதையும் கேளுங்கள். ஜி.என்.எம். என்ற டிப்ளமோ நர்சிங் முடித்தவர்கள், எய்ம்ஸ் நடத்தும் நர்ஸ் வேலைக்கான நார்செட் தேர்வு எழுத, ஐம்பது படுக்கையாவது உள்ள மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். முப்பது படுக்கை நர்சிங் ஹோமில் வருடக்கணக்காக உழைத்தபின் இதைத் தெரிந்துகொண்டு அழுகிறார்கள். சம்பளச் சீட்டு, பி.எஃப். இல்லாத அனுபவச் சான்றிதழ் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நிற்காது. சம்பளம் பற்றி ஒரு வார்த்தை: 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைக்கப்பட்ட குழு, ஐம்பதுக்கும் குறைவான படுக்கை உள்ள இடத்தில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. பரிந்துரைதான். இருந்தாலும் எட்டாயிரத்துக்குத் தலையாட்டும் முன் நினைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாடு நர்ஸ் கவுன்சில் பதிவு எண் கைக்கு வராமல் மருந்து டிராலியைத் தொடாதீர்கள்.

ஒரிஜினலைக் காட்டுங்கள், அங்கேயே திரும்ப வாங்குங்கள், நகலில் கையெழுத்திட்டுக் கொடுங்கள். வைத்துவிட்டுப் போ என்றால் அந்த வேலை வேண்டாம். இடையில் விட்டால் பணம் கட்டுகிறேன் என்று எழுதி வாங்கும் பாண்டில் இருக்கிற தொகையை அப்படியே கட்டியாக வேண்டும் என்று பயப்படாதீர்கள். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் நியாயமான இழப்பீட்டைத்தான் கேட்க விடுகிறது, எழுதிய தொகை அதன் உச்சவரம்பு மட்டுமே. ஏற்கெனவே சிக்கியிருக்கிறீர்களா? சான்றிதழைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம் எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, நகலையும் ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் கல்லூரியில் உங்களுக்குப் பாடம் நடத்திய மேடத்தை அழைத்துக்கொண்டு போங்கள், அவர்கள் வர வேண்டும்.