எந்த டேப் கணினியின் கழுத்தைப் பிடிக்கிறது?

கணினி திணறத் தொடங்கியதும் பலரும் செய்வது, திறந்திருக்கும் டேப்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக மூடுவதுதான். வேண்டிய பக்கம் போய்விடும். தொல்லை தந்தது தப்பித்துக்கொள்ளும். இப்படிக் குருட்டாம்போக்கில் மூட வேண்டியதே இல்லை. எந்த டேப் எவ்வளவு தின்கிறது என்ற கணக்கைப் பிரவுசரே நொடிக்கு நொடி வைத்திருக்கிறது. கேட்டால் காட்டும்.

அந்தக் கணக்கு எப்படிக் கிடைக்கிறது என்பது சுவையான கதை. முந்தைய பிரவுசர்களில் எல்லா டேப்களும் ஒரே பிராசஸுக்குள், அதாவது இயங்குதளம் தனியாகக் கணக்கு வைக்கும் ஒரே ஓட்டத்துக்குள், ஓடின. ஒரு பக்கம் சிக்கிக்கொண்டால் எல்லாமே நின்றுவிடும். யாரால் நின்றது என்பதும் தெரியாது. செட்டிநாட்டு வீடுகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அதே வளவில் ஓர் அறையும் தனி அடுப்பும் கொடுத்து, செலவுக் கணக்கையும் பிரித்து வைத்துவிடுவார்கள். கூரை ஒன்று, உலை வேறு. 2008 செப்டம்பரில் வெளிவந்த குரோம் செய்ததும் அதுதான். டேப்களைத் தனித்தனிப் பிராசஸ்களாகப் பிரித்தது. ஒன்று விழுந்தால் மற்றது நிற்கும். ஒவ்வொன்றின் செலவையும் தனியாக அளக்கலாம். பயர்பாக்ஸ் 2016இல் இந்த வழிக்கு வந்தது. ஆனால் அடுப்புகள் கூடினால் விறகும் கூடத்தானே செய்யும்? பிரவுசர்கள் இத்தனை ரேம், அதாவது கணினியின் வேலை நினைவகம், கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற, கணினியின் மூளையான சிபியுவின் பாதுகாப்புக் குறை வெளியானபின் பிரிவினை இன்னும் ஆழமானது. ஒரு பக்கத்துக்குள் செருகப்பட்டிருக்கும் வேறு தளத்தின் விளம்பரத்துக்குக்கூட குரோம் தனிப் பிராசஸ் தரத் தொடங்கியது. இதனால் நினைவகச் செலவு சுமார் 10 முதல் 13 சதவீதம் வரை கூடுவதாக அப்போது கூகுளே சொன்னது. பாதுகாப்புக்குக் கொடுத்த விலை அது. கொடுக்கத் தகுந்த விலை என்றே நான் நினைக்கிறேன்.

சரி, கணக்கைப் பார்ப்பது எப்படி? விண்டோஸ் கணினியில் குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் எதுவானாலும் ஷிஃப்ட் பொத்தானை அழுத்தியபடி எஸ்கேப்பைத் தட்டினால் போதும், டேப்களின் செலவுப் பட்டியல் திறக்கும். ஆப்பிள் கணினியில் குரோமின் மெனுவிலேயே டாஸ்க் மேனேஜர் என்ற பெயரில் அந்தப் பட்டியல் இருக்கிறது. சஃபாரி பயன்படுத்துவோருக்கு, அதே கணினியில் உள்ள ஆக்டிவிட்டி மானிட்டர் என்ற செயலி தளத்தின் முகவரியோடு காட்டிவிடும்.

காரைக்குடியில் கண்டாங்கிச் சேலை விற்கும் ஒரு கடையில் அண்மையில் இந்தப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். 4 ஜிபி ரேம், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க். பழுது பார்ப்பவர் ஒருவர், புதிது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கடை நடத்தும் ஆச்சிக்குச் சந்தேகம் யூடியூப் மேல். "பாட்டை நிறுத்தினாலும் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது, தம்பி" என்றார். சிபியு என்ற தலைப்பைத் தட்டியதும் வரிசை பெரியதிலிருந்து சிறியதாக மாறியது. நிறுத்தி வைத்த பாட்டு அடியில் கிடந்தது. உச்சியில் நின்றது, பேரன் காலையில் திறந்துவிட்டு மறந்துபோன கிரிக்கெட் ஸ்கோர் பக்கம். அதன் கீழேயே 'சப்ஃப்ரேம்' என்று தொடங்கும் வரிகள் வரிசையாக நின்றன. எல்லாம் அந்தப் பக்கத்தின் விளம்பரங்கள். அடுத்து மெமரி தலைப்பைத் தட்டினேன். இப்போது முதலிடம் வேறொன்றுக்கு: நாள்கணக்கில் மூடப்படாமல் இருந்த சேலைப் படங்களின் பக்கம். அதன் சிபியு அளவோ சுழி.

இந்த இரண்டும் இரு வேறு நோய்கள். இதைப் பிரித்தறிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சிபியு தின்னும் பக்கத்தில், அதை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். விசிறி இரைவது, மடிக்கணினி சுடுவது, பேட்டரி சீக்கிரம் தீர்வது எல்லாம் இதன் அறிகுறிகள். பின்னால் மறைந்திருக்கும் டேப்களின் வேகத்தைப் பிரவுசர்கள் ஏற்கெனவே மட்டுப்படுத்துகின்றன. 2021இல் வந்த குரோம் 88 முதல், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் பக்கத்தின் டைமர்கள் (நிரலைக் குறித்த நேரத்தில் எழுப்புபவை) பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒருமுறைதான் விழிக்கும். ஆனால் ஒலி எழுப்பும் பக்கத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. நேரலைத் தகவல் பெறும் பக்கத்தைப் புதிதாக வந்து சேரும் ஒவ்வொரு செய்தியும் எழுப்பிவிடும். 2017 முதல் 2019 வரை இயங்கிய காயின்ஹைவ் என்ற நிரல், பார்வையாளரின் சிபியுவைக் கொண்டு கிரிப்டோ என்னும் மின்னணு நாணயம் தோண்டியது, அதாவது கணக்குப் போட்டு ஈட்டியது. டேப் திறந்திருந்தால் போதும், தோண்டல் நிற்காது.

எண்ணைக் கண்டதும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. எந்தப் பக்கமும் திறக்கும்போது ஒரு கணம் சிபியுவை எகிறச் செய்யும், அது இயல்பு. பத்து விநாடி பொறுத்துப் பாருங்கள். இறங்காமல் உச்சியிலேயே நின்றால் அதுதான் குற்றவாளி.

நினைவகம் தின்னும் பக்கம் சத்தமே போடாது. ரேமில் இடம் இருக்கும்வரை அதனால் தொல்லையும் இல்லை. இடம் தீர்ந்ததும் இயங்குதளம், பயன்படாத பகுதிகளை ஹார்ட் டிஸ்க்குக்கு இறக்கி வைக்கும். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோ விநாடி ஆகும். சுழலும் டிஸ்க்கிலிருந்து எடுக்கச் சுமார் 10 மில்லி விநாடி. ஒரு லட்சம் மடங்கு! டேப் மாற்றும்போது திரை வெளுத்து நிற்பதும், டிஸ்க் விளக்கு அணையாமல் எரிவதும் இதனால்தான். ஒரு பக்கம் திறந்திருக்கும் காலத்துக்கேற்ப வளர்ந்துகொண்டே போனால், அதன் நிரல் பயன்படுத்திய நினைவகத்தைத் திருப்பித் தரவில்லை என்று சந்தேகிக்கலாம். எண்ணைக் குறித்துக்கொண்டு பக்கத்தை ரீலோடு செய்யுங்கள். பெருமளவு குறைந்தால் சந்தேகம் உறுதி. சேலைப் படங்களின் பக்கத்துக்கு நாங்கள் செய்ததும் அவ்வளவுதான். மூட வேண்டிய தேவையே வரவில்லை.

வரியின் மேல் இருமுறை தட்டினால் குரோமும் எட்ஜும் அந்த டேப்புக்கே அழைத்துச் செல்லும். 'எண்ட் பிராசஸ்' அழுத்தினால் பக்கம் மட்டும் விழும், டேப் அதே முகவரியோடு காத்திருக்கும். இதில் இரண்டு எச்சரிக்கைகள். பாதி நிரப்பிய படிவம் அதில் இருந்தால் போனதுதான். ஒரே தளத்தின் பல டேப்கள் ஒரே பிராசஸைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. பட்டியலில் அவை ஒன்றாகச் சேர்ந்து தெரியும், ஒன்றை முடித்தால் அத்தனையும் விழும். 2022 இறுதியில் குரோமில் வந்த மெமரி சேவர், எட்ஜில் உள்ள ஸ்லீப்பிங் டேப்ஸ் ஆகியவை தொடாத டேப்களைத் தாமே உறங்க வைக்கும். அடிக்கடி தேவைப்படும் தளங்களுக்கு அமைப்புகளில் விலக்குக் கொடுத்துவிடலாம். ரேம் குறைந்த கணினியில் இவற்றை அணைத்து வைக்காதீர்கள்.

பட்டியலின் உச்சியில் 'எக்ஸ்டென்ஷன்' என்று தொடங்கும் வரி நின்றால், எந்த டேப்பை மூடியும் பயனில்லை. அது பிரவுசரோடு கூடுதலாகச் சேர்த்த நீட்சி நிரல். அந்த நீட்சியை நீக்கிவிட்டுப் பாருங்கள். டேப்கள் அனைத்தும் அமைதியாக இருந்தும் கணினி இழுத்தால், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி விண்டோஸின் சொந்த டாஸ்க் மேனேஜரைத் திறக்க வேண்டும். பின்னணியில் ஓடும் வைரஸ் சோதனையோ அப்டேட்டோ அங்கேதான் அகப்படும்.