முன் பிரேக்கா, பின் பிரேக்கா? கையில் காசு குறைவாக இருக்கும்போது

காரைத் தூக்கி நான்கு சக்கரத்தையும் கழற்றி வைத்திருப்பேன். நான்கு பக்கமும் ஏதாவது ஒரு வேலை இருக்கும். வண்டிக்காரர் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டுக் கேட்பார்: "எல்லாத்தையும் இப்ப மாத்த முடியாது. எதை முதல்ல மாத்தணும்?"

இப்படிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. "பிரேக் நல்லாத்தானே பிடிக்குது, அப்புறம் பார்க்கலாம்" என்று சாவியை வாங்கிக்கொண்டு போகிறவரை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

முன் பிரேக்தான் முதலில் என்று பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். அதற்குக் காரணமும் உண்டு. பிரேக்கை மிதித்ததும் வண்டியின் மூக்கு கீழே இறங்குகிறது அல்லவா, அப்போது எடை முன் சக்கரங்கள்மீது சாய்கிறது. சாதாரணக் காரில் நிறுத்தும் வேலையில் சுமார் 70 சதவீதம் முன் பிரேக்கின் தலையில்தான் விழுகிறது. பழுதெல்லாம் வெறும் தேய்மானம் என்றால், முன்பக்கத்துக்கே முதல் செலவு.

ஆனால் நான் முதலில் தேடுவது தேய்மானத்தை அல்ல, கசிவை.

சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு டிஸ்க். அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை பேட். தேய்ந்த பேட் சொல்லிவிட்டுத்தான் போகும். கசிவு அப்படி இல்லை. பின்பக்கம் டிரம் பிரேக் (சுழலும் டிரம்முக்குள் ஷூ என்ற வளைந்த கட்டைகள் விரிந்து பிடிக்கும் பிரேக்) உள்ள வண்டியில் டிரம்மைக் கழற்றி, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ஓரத்தில் இருக்கும் ரப்பர் மூடியை விரலால் லேசாக விலக்கிப் பார்ப்பேன். உள்ளே சொட்டும் அளவுக்கு ஈரம் இருந்தால் பேச்சே வேண்டாம், அந்த வண்டிக்கு அன்றைக்குப் பின் பிரேக்தான் முதல் வேலை. பிரேக் ஆயில் ஊறிய ஷூவைத் துடைத்துத் திரும்பப் போடச் சொல்வார்கள். ஆனால் ஷூவின் உராயும் பகுதியான லைனிங் உறிஞ்சிய ஆயில் சூட்டில் மறுபடி வெளியே வரும். அந்தச் சக்கரம் ஒழுங்காகப் பிடிக்காது. சிலிண்டரோடு இரண்டு பக்க ஷூவையும் மாற்றத்தான் வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். வண்டி நிற்கும்போது, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்து அரை நிமிடம் அப்படியே அழுத்திப் பிடியுங்கள். பெடல் ஓர் இடத்தில் நிற்க வேண்டும். மெதுவாகக் கீழே போய்க்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது, இல்லையென்றால் பெடலோடு சேர்ந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விடுகிறது. அந்த வண்டியை ஓட்டி வராதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் நொடியில் மட்டும் பெடல் கொஞ்சம் இறங்குவது வேறு விஷயம். மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அது, பயப்பட வேண்டாம்.

கசிவு இல்லை என்று உறுதியான பிறகு தேய்மானத்துக்கு வரலாம். பலரும் தடுமாறுவது இங்கேதான். பாதி தேய்ந்த பேட் பாதிதான் பிடிக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 5 மில்லிமீட்டர் மிச்சமிருக்கும் பேட் கிட்டத்தட்டப் புதிய பேட் அளவுக்கே வண்டியை நிறுத்தும். அதற்கு மிச்சமுள்ள ஆயுள்தான் குறைவு. அதனால் "பேட் பழசாகிவிட்டது" என்பதற்காக யாரும் காசு செலவழிக்க வேண்டியதில்லை. புதிய பேடில் உராயும் பொருள் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். 3-க்கு வந்துவிட்டால் காசை எடுத்து வையுங்கள். 2-க்குக் கீழே என்றால் தள்ளிப்போடாதீர்கள். லைனிங் முழுக்கத் தீர்ந்து இரும்புத் தகடு டிஸ்கில் உரசும் கரகர சத்தம் வந்தால், அந்தச் சக்கரம் முன்னே இருந்தாலும் பின்னே இருந்தாலும் அதற்குத்தான் முதலிடம். பேடோடு முடிய வேண்டிய செலவு டிஸ்க் வரைக்கும் போவது இந்த இடத்தில்தான்.

அளக்கும்போது உள்பக்கப் பேடையும் பாருங்கள். ஒருவர் சக்கரத்தின் இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "முன்னாடி இன்னும் பாதி இருக்கு, பின்னாடி மட்டும் பாருங்க" என்று வந்தார். வெளிப் பேடில் 5 மில்லிமீட்டர் இருந்தது உண்மைதான். பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரைத் தூக்கினால் உள்பேடில் நகக்கண் கனம்கூட இல்லை. காலிப்பர் நகர உதவும் இரும்புக் கம்பி துருப்பிடித்து இறுகிப்போய், சுமை முழுவதையும் ஒரே பேட் தாங்கியிருக்கிறது. அந்தக் கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய்து அதற்குரிய கிரீஸ் போடுவது சின்ன வேலை. அதைச் செய்யாமல் புதிய பேடை மட்டும் மாட்டினால், அதுவும் இதே போலச் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

அவர் அடுத்துக் கேட்டது, தேய்ந்த பக்கம் மட்டும் மாற்றலாமா என்று. கூடாது. முன் இரண்டும் சேர்ந்து, பின் இரண்டும் சேர்ந்து. இடது ஒரு மாதிரியும் வலது ஒரு மாதிரியும் பிடித்தால், அவசரமாக மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நான்கு சக்கரத்துக்கும் காசு போதாது என்றால், ஒரு ஜோடியை முழுதாக முடித்துவிட்டு அடுத்த ஜோடியைத் தள்ளிப்போடலாம்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் டிஸ்க். பேட் மாற்றும்போதெல்லாம் டிஸ்கும் மாற்ற வேண்டும் என்பது சட்டமில்லை. குறைந்தபட்சக் கனம் பெரும்பாலும் டிஸ்கிலேயே பொறித்திருக்கும். அதற்கு மேல் கனம் இருந்து, ஆழமான கோடோ வெடிப்போ இல்லாமல், மிதிக்கும்போது ஸ்டியரிங் நடுங்காமல் இருந்தால் பழைய டிஸ்கே ஓடும். பந்தய வண்டிக்கான பேடும் வேண்டாம். நல்ல சாதாரணப் பேட் போதும். பிரேக் ஆயிலில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தர ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அந்தத் தரம் கேட்கும் குறைந்தபட்சமே 155 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் ஆயில் கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிவிடும். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். இதற்காகப் பேடுக்கு வைத்த காசில் கொஞ்சம் போனாலும் சரிதான்.

புதிய வண்டிக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வண்டி சறுக்காமல் தடுக்கும் எலக்ட்ரானிக் அமைப்பு வந்த பிறகு, பின் பேட் முன்னதைவிடச் சீக்கிரம் தேய்ந்த வண்டிகளையும் நான் பார்க்கிறேன். பின்பக்கம்தானே என்று பார்க்காமல் விட்டுவிடாதீர்கள். பட்டனில் இயங்கும் ஹேண்ட் பிரேக் இருந்தால் பின் காலிப்பரில் பேடை அழுத்தும் பிஸ்டனைப் பலவந்தமாக உள்ளே தள்ளவும் கூடாது. முதலில் அந்த ஹேண்ட் பிரேக்கை சர்வீஸ் நிலைக்கு, அதாவது பிஸ்டனை விட்டுக்கொடுக்கும் நிலைக்கு, கொண்டுவர வேண்டும்.

சொந்தமாகப் பேட் மாற்றுகிறவர்கள், வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் பெடல் கெட்டியாகும் வரை மிதித்துக்கொள்ளுங்கள். உள்ளே தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடும் வரை பெடல் தரைக்கே போகும். நல்ல மெக்கானிக்குகளே இதை மறந்து சுவரில் மோதியிருக்கிறார்கள்.

தள்ளிப்போட்ட ஜோடியை மறந்துவிடாமல் இருக்க, நான்கு சக்கரத்தின் அளவையும் அன்றைய கிலோமீட்டரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வண்டி புத்தகத்துக்குள் வைத்துவிடுவேன். 40,000 கிலோமீட்டரில் பின் பேட் 5 மில்லிமீட்டர், 48,000-த்தில் 4 என்றிருந்தால், அதே ஓட்டத்தில் 3-க்கு வர இன்னும் 8,000 கிலோமீட்டர் ஆகும். காசு சேர்க்க அவ்வளவு தூரம் இருக்கிறது.