முதுமையில் மனம் போடும் தவறான கணக்கு

"யாருக்கும் பாரமா இல்லாம போய்ச் சேர்ந்துட்டா போதும்." வீட்டுப் பெரியவர்கள் பலர் பேச்சுவாக்கில் சொல்வதுதான். நாமும் காதில் வாங்காமல் நகர்ந்துவிடுகிறோம். முதுமையில் நேரும் தற்கொலைகளை ஆராயும் உளவியலாளர்களோ இந்தப் பேச்சைத்தான் கூர்ந்து கேட்கிறார்கள்.

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் 2005இல் முன்வைத்த கோட்பாட்டில் தற்கொலை எண்ணத்துக்கு இரண்டு உணர்வுகள் அடிப்படை: 'எனக்கென்று யாருமில்லை' என்பதும், 'நான் இருப்பதே மற்றவர்களுக்குத் தொல்லை' என்பதும். இது இனி மாறவே மாறாது என்ற விரக்தியும் சேர்ந்தால் ஆபத்து.

துணையை இழப்பது, காது மந்தமாவது, தீராத வலி, குளிக்கக்கூட ஆள் தேவைப்படுவது எல்லாம் இந்த உணர்வுகளுக்குத் தீனி போடும். ஆனாலும் இத்தனையையும் தாங்கி வாழ்பவர்கள்தான் அதிகம். ஆகவே, இழப்பை மனம் எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். மனச்சோர்வு பீடித்த மனம் வரவை மறைத்துச் செலவை மட்டும் எழுதும் கணக்குப்பிள்ளை மாதிரி. அலுவலகக் களைப்பில் மகள் சலித்துக்கொண்டால், 'என்னால்தான்' என்று அங்கே பதிவாகும். சிலருக்கு மூளையின் திட்டமிடும் திறனும் குறைந்திருப்பதால் மாற்று வழி எதுவும் கண்ணில் படாது.

இந்த மனச்சோர்வு அழுகையாக வெளிப்படாமல் தூக்கமின்மை, பசியின்மை, உடல்வலி என்றே டாக்டரிடம் போகலாம். 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோம். உண்மையில் இது சிகிச்சையால் குணமாகக்கூடியது.

இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் 1988 முதல் 1998 வரை நடந்த ஒரு சேவை எனக்கு முக்கியமாகப் படுகிறது. சராசரியாக 80 வயதான 18,641 பேரை வாரம் இருமுறை தொலைபேசியில் நலம் விசாரித்தார்கள். அவசரத்துக்கு அழைக்க ஒரு கருவியும் கொடுத்தார்கள். அவர்களிடையே ஏறத்தாழ 21 தற்கொலைகள் எதிர்பார்க்கப்பட்ட இடத்தில் நடந்தவை 6. ஆனால் பலன் பெண்களுக்குத்தான் தெளிவாகத் தெரிந்தது, ஆண்களிடம் தெரியவில்லை. சம்பாத்தியத்தை வைத்தே தன்னை மதிப்பிட்டு வந்த ஆணுக்கு, நலம் விசாரிப்பதைவிட 'இதைக் கொஞ்சம் நீங்க பார்த்துக்குங்க' என்று ஒரு பொறுப்பைக் கொடுப்பது உதவக்கூடும் என்பது என் ஊகம்.

சந்தேகம் வந்தால், "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 'ஆமாம்' என்றால் தனியே விடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416. தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும்.