கிளாவே: சல்சாவின் நிலையடி

கிளாவே: ஸ்பானிய மொழிப் பெயர்ச்சொல். கியூப இசையில் வேர்விட்ட ஆட்ட இசையான சல்சாவில் இதற்கு மூன்று பொருள் உண்டு. கையில் பிடிக்கும் இரண்டு கட்டைகள், அவற்றில் தட்டப்படும் ஐந்து தட்டு அடி, மற்ற வாத்தியங்களும் குரலும் அந்த அடியோடு இசைந்து நிற்கும் நிலை. ஒரு பழைய பாட்டு கிளாசிக்கா இல்லையா என்ற பேச்சில் ரசிகர்கள் குரலையும் ட்ரம்போனையும் புகழ்வார்கள். வாசிப்பவர்கள் பார்ப்பது மூன்றாவது பொருளைத்தான்: பாட்டு கிளாவேயில் இருக்கிறதா?

லத்தீனில் 'கிளாவிஸ்' என்றால் சாவி. அதிலிருந்து ஸ்பானியத்தில் இரண்டு சொற்கள் பிறந்தன. கதவுச் சாவிக்கு 'யாவே'. சங்கேதக் குறி, இசைக்குறிப்பின் தொடக்கக் குறி, கட்டட வளைவின் உச்சியில் பூட்டும் கல் ஆகியவற்றுக்கு 'கிளாவே'. முளையைக் குறிக்கும் 'கிளாவிஹா'வும் அதே வேர்தான். ஹவானாவின் கப்பல் பட்டறைகளில் பலகை இணைக்கப் பயன்பட்ட கடின மர முளைகளே முதல் தாளக்கட்டைகள் என்று கியூபாவில் சொல்வார்கள். அடியின் பிறப்பிடம் கியூபா அல்ல, ஆப்பிரிக்கா. கானாவின் கா மக்கள் ஆடும் க்பான்லோகோவில் மணி இதே அடியைத்தான் அடிக்கிறது.

அடியைப் பிடிக்கக் கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஒரு சுற்றுக்கு 16 மாத்திரை. அதை 3+3+4+2+4 என்று பிரித்தால் சோன் என்ற கியூப இசை வகையின் பெயர் பெற்ற சோன் கிளாவே. சொற்கட்டாகச் சொன்னால் தகிட, தகிட, தகதிமி, தக, தகதிமி. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் ஒரு தட்டு. மூன்றாவது தட்டை மட்டும் ஒரு மாத்திரை தள்ளிப்போட்டு 3+4+3+2+4 ஆக்கினால், ரும்பா என்ற இன்னொரு கியூப வகையின் பெயர் பெற்ற ரும்பா கிளாவே. காதுக்குச் சின்ன மாற்றம், ஆனால் பாட்டின் குணமே வேறாகிவிடும்.

இதையே ஆதி தாளம் போட்டுக்கொண்டு, எண்ணிக்கைக்கு இரண்டு மாத்திரை வைத்துச் சொல்லிப் பாருங்கள். முதல் தட்டு தொடக்க அடியில் விழும். இரண்டாவது, சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில். மூன்றாவது நடுவிரலில். நான்காவதும் ஐந்தாவதும் ஆறாம் எண்ணிக்கை வீச்சிலும் ஏழாம் எண்ணிக்கை அடியிலும். நம் கை ஓங்கி அடிக்கும் ஐந்தாம் எண்ணிக்கையில் கிளாவே பேசாது. புதிதாகப் பழகுபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்; கை தானாக அந்த இடத்தில் ஒரு தட்டைப் போட்டுவிடும், அடி குலையும். நிமிடத்துக்கு 180 துடிப்பு ஓடும் பாட்டில் முழுச் சுற்றும் 2.7 நொடிக்குள் முடிந்துவிடுவதால் வேகத்தில் எண்ணிப் பிடிப்பது நடக்காத காரியம். மெதுவாக வாயால் சொல்லி ஊறவைத்துவிட்டுப் பிறகு பாட்டோடு சேர வேண்டும்.

சுற்றில் முதல் பாதிக்கு மூன்று தட்டு, அடுத்த பாதிக்கு இரண்டு. பாட்டின் வரி மூன்று தட்டுப் பக்கத்தில் தொடங்கினால் 3-2, இரண்டு தட்டுப் பக்கத்தில் தொடங்கினால் 2-3. இந்தப் பெயர்கள் நியூயார்க்கில் வளர்ந்தவை; மாச்சிட்டோ இசைக்குழுவின் மரியோ பௌசா பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. கியூபாவிலோ பக்க எண் சொல்லாமலே வாசிப்பவர்கள் ஏராளம். 1930-இல் டான் அஸ்பியாசு குழு ஒலிப்பதிவு செய்து உலகம் முழுக்கப் பரவிய 'எல் மனிசேரோ' என்ற பாட்டு 2-3.

மற்ற வாத்தியங்கள் கிளாவேயைச் சுற்றி இடம் பிடிக்கும் விதம்தான் சுவாரசியம். பேஸ் முதல் எண்ணிக்கையை விட்டுவிட்டு, மூன்று தட்டுப் பக்கத்தின் இரண்டாவது, மூன்றாவது தட்டுகள் விழும் இடங்களிலேயே விழும். அந்த இரண்டு தட்டுக்கும் தனிப்பெயரே உண்டு: பொம்போ, போஞ்சே. பியானோ திரும்பத் திரும்ப வாசிக்கும் வரியான மொந்துனோ இரண்டு தட்டுப் பக்கத்தில் எண்ணிக்கையோடு காலூன்றும். மூன்று தட்டுப் பக்கத்தில் எண்ணிக்கைகளுக்கு இடையில் ஓடும். கட்டை ஒலிக்காத பாட்டிலும் இந்த ஏற்பாட்டைக் கேட்டுக் கிளாவே எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

கெடுவதும் இங்கேதான். இசை அமைப்பவர் முன்னிசையில் நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு துண்டைக் கூடவோ குறையவோ எழுதிவிட்டால், அதன்பின் வரும் குரலும் பியானோவும் எதிர்ப் பக்கத்தில் விழும். யாருக்கும் தாளம் தப்பவில்லை, சுருதியும் சரி, ஆனாலும் பாட்டு ஆளைத் தள்ளும். இதை 'குரூசாதோ' என்பார்கள், குறுக்கே விழுந்தது என்று பொருள். தேர்ந்த அமைப்பாளர் அதே நான்கு எண்ணிக்கைத் துண்டை வேண்டுமென்றே வைத்து, பாட்டை 3-2-இலிருந்து 2-3-க்குக் கொண்டுபோவார். அப்போது மாறுவது வரி தொடங்கும் இடம் மட்டுமே. கிளாவே ஒரு தட்டும் பிசகாது.

ஜானி பச்சேகோவும் ஜெர்ரி மசூச்சியும் 1964-இல் தொடங்கிய ஃபானியா நிறுவனத்தின் எழுபதுகளின் இசைத்தட்டுகளை இந்தக் காதோடு கேட்க வேண்டும். 1978-இல் வந்த 'சியெம்ப்ரா' தொகுப்பில் ரூபென் பிளேட்ஸ் எழுதிப் பாடிய 'பெத்ரோ நவாஹா' ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் கதைப்பாட்டு. குரலும் தோல்வாத்தியமுமாகத் தொடங்கி, வாத்தியங்கள் ஒவ்வொன்றாக வந்து ஏறிக்கொண்டே போகும். சுருதியும் படிப்படியாக உயரும். அவ்வளவு ஏறியும் பாரம் தெரியாததற்குக் காரணம், வருகிற ஒவ்வொன்றும் அதே ஐந்து தட்டுக்கு இடம் விட்டு வருவது. கிளாவே சரியாக இருப்பதாலேயே ஒரு பாட்டு கிளாசிக் ஆகிவிடாது; சலிப்பூட்டும் பாட்டுகளிலும் அது ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் அது கலைந்த பாட்டை ஆட்டக்காரர்கள் இரண்டாம் முறை போடச் சொல்வது அபூர்வம்.

கருவியைப் பற்றிக் கொஞ்சம். ஒரு சாண் நீளமுள்ள உருண்டைக் கட்டைகள், ஈட்டி அல்லது கருங்காலி போன்ற கனத்த மரம். ஒன்றை இடது உள்ளங்கையைக் குழித்து, விரல்நுனிகளின் மேல் தளர்வாகக் கிடத்தி, மற்றதால் நடுவில் தட்ட வேண்டும். இறுக்கிப் பிடித்தால் ஒலி செத்துவிடும். உள்ளங்கைக் குழிதான் அதிர்வறை.

தமிழில் கருவிக்குத் 'தாளக்கட்டை' போதும். சப்ளாக்கட்டை என்றால் சலங்கை நினைவுக்கு வரும், கிளாவேயில் அது இல்லை. அடியைத் 'தாளம்' என்பது பொருந்தாது, தாளம் எண்ணிக்கைச் சுற்று. 'நடை'யும் ஆகாது, அது எண்ணிக்கையின் உட்பிரிவு. பறையாட்டத்தில் ஒவ்வொரு தாளக்கட்டுக்கும் 'அடி' என்று பெயர். அதைப் பின்பற்றி, பாட்டு முழுக்க மாறாமல் நிற்பதால் 'நிலையடி' என்பது எங்கள் பரிந்துரை. 'சாவித்தாளம்' அகராதியைப் பார்த்துச் செய்த சொல், வேண்டாம். கிளாவேயில் இருப்பதை 'நிலையடியில் நிற்கிறது' என்றும், குரூசாதோவைப் 'பக்கம் மாறிவிட்டது' என்றும் சொல்லலாம்: "குரல் நிலையடியில் நிற்கிறது, பியானோதான் பக்கம் மாறி விழுகிறது."